சம்பந்தி விழுந்தார்

“இந்தக் கூடத்துல யாரோ ஒருத்தர் பொய்யா விழறாங்க! யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

பழைய மரச்சாமான் கடை முதலாளி பாயின் நடுவில் நின்று கத்தினார். ஓட்டை பீரோவைப் புது விலைக்குத் தள்ளிப் பழகிய தொண்டை. ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை சொல்லித்தரும் அந்தக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

ஓரமாகப் பெல்ட் கட்டிக்கொண்டிருந்த கடிகார ரிப்பேர்காரர், போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.

பொய்யாக விழுவது அவர்தான்.

வேறென்ன செய்வார்? முதலாளி அவருடைய ஒரே மகளின் மாமனார். கல்யாணம் முடிந்த கையோடு, “தனியாப் போக வெட்கமா இருக்கு, நீங்களும் வாங்க சம்பந்தி” என்று இங்கே இழுத்து வந்தவர். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி முன்னால் விறைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

வித்தை இதுதான். எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கமாக முறுக்க வேண்டும். ஒழுங்காக முறுக்கினால் ஆள் உருண்டு விழுவார். விழுகிறவர் முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையால் பாயில் ஓங்கித் தட்டினால் அடிபடாது. முதலாளியின் விரல் பட்டாலே போதும், கடிகாரக்காரர் பாயில் தட்டி விழுந்துவிடுவார்.

“பொய்யா விழறாங்கன்னு யார் சார் சொன்னது?” என்றார் அங்கே வித்தை சொல்லித்தரும் மாஸ்டர் அம்மா.

“யார் சொல்லணும்? காலையில எங்க லாரி டிரைவர் கையை முறுக்கிப் பாத்தேன். ‘என்ன முதலாளி, கை குலுக்கறீங்களா?’ன்னு கேக்கறான்!”

கூடமே சிரித்தது.

“சிரிக்காதீங்க! இன்னும் கொஞ்ச நேரத்துல பெல்ட் பரீட்சை. பரீட்சை வைக்க வர்ற வெளியூர் மாஸ்டர் எனக்காக விழுவாரா? வாங்க சம்பந்தி, உங்ககிட்டயே சோதிச்சுப் பாக்கறேன். வேணும்னே விழுந்தீங்க, அப்புறம் உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

விழுந்தால் உறவு போகும். நின்றால் நாலு பேர் முன்னால் சம்பந்தியின் மானம் போகும். எது போனாலும் கண்ணைக் கசக்கப்போவது மகள்.

கடிகாரக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

முதலாளி முறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். அந்த ஒல்லி உடம்பு இம்மி அசையவில்லை.

“அப்போ... நீங்கதானா அது!”

“மன்னிச்சிடுங்க சம்பந்தி. மாப்பிள்ளையோட அப்பாங்கிற மரியாதைக்கு...”

“மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! பேரத்துல என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்னு இருந்தேன். கூடவே இருந்து கவுத்துட்டீங்களே! நான் என்னிக்காவது உங்களுக்காகப் பொய்யா விழுந்திருக்கேனா? சொல்லுங்க!”

“இல்லீங்க. நீங்க விழறதெல்லாம் சுத்தம்.”

அது ஒன்றுதான் கடிகாரக்காரருக்குப் பெருமை. ஊசிமுனை திருகாணி திருகுகிற விரல்களால் இந்த மலையை வாராவாரம் சாய்க்கிறார். அதை மகளிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

“அப்படின்னா நீங்களே முறுக்கிக் காட்டுங்க. சம்பந்தி பாத்துக் கத்துக்கட்டும்” என்றார் மாஸ்டர் அம்மா கடிகாரக்காரரிடம்.

முதலாளி எதிரே வந்து நின்றார். கடிகாரக்காரர் ஓரடி முன்னால் வைத்து, அவர் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

பாயின் தூசியோ என்னவோ, பாதியில் தும்மல் வந்துவிட்டது. நீட்டிய கையைச் சட்டென்று மூக்குக்குக் கொண்டுபோனார்.

“அச்!”

‘பட்’டென்று பாயில் ஒரு சத்தம்.

கடிகாரக்காரர் கண்ணைத் திறந்தார். கை படாமலேயே முதலாளி, முகவாயை நெஞ்சோடு ஒட்டியபடி, அழகாக உருண்டு மல்லாந்து கிடந்தார்.

கூடமே எட்டிப் பார்த்தது. அப்புறம் மாஸ்டர் அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“அது வந்து...” படுத்தபடியே முதலாளி கூரையைப் பார்த்தார். “‘எங்கப்பா இன்னிக்கும் மாமாவைக் கவுத்துட்டாராம்’னு சொல்லி என் மருமக வீடு பூரா சிரிச்சுக்கிட்டே நடப்பா. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரலை, சம்பந்தி.”

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதுவரை குரல் உயர்த்தியே அறியாத கடிகாரக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டார் ஒரு அதட்டல்.

“எழுந்திருங்க சம்பந்தி! இப்பவாவது ஒழுங்கா நின்னு கையைக் கொடுங்க!”