மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே

"டி.சி. புத்தகத்தை எடுத்துட்டு வாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

அலுவலக உதவியாளர் தயங்கியபடியே போனார். எதிரே நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் மட்டும் தலையைக் குனியவில்லை.

விடிந்தால் பள்ளியின் எண்பதாவது ஆண்டு விழா. போன வாரம்தான் கட்டடம் முழுக்கப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். இன்று மதியம் பார்த்தால், நூலகத்தின் பின்சுவரில், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே, ஒரு நோட்டுப் புத்தக அகலத்துக்குப் பெயின்ட்டைக் காணோம். இவள் இரும்பு ஸ்கேலோடு கையும் களவுமாகப் பிடிபட்டாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள்.

தலைமை ஆசிரியைக்குச் சுவர் என்றால் உயிர். ஒரு பென்சில் கோடு விழுந்தாலும் யார் வேலை என்று கண்டுபிடிக்காமல் ஓய மாட்டார். எந்நேரமும் சுவரோரமாகவே சுற்றுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுவர்க்கோழி. அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். சுவரைப் பாழாக்கினால் டி.சி. என்பது அவரே போட்ட விதி. இதுவரை இரண்டு பேரை அனுப்பியும் இருக்கிறார்.

சொல்லி அனுப்பிய அரை மணி நேரத்தில் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். பள்ளிக்குப் பெயின்ட் அடித்தவரே அவர்தான். சட்டையில் இன்னும் அந்தச் சந்தன நிறம் இருந்தது.

"நல்ல குடும்பம்தான். அப்பா பூசுறாரு, பொண்ணு சுரண்டுறா."

பெண்தான் பேசினாள். வகுப்பில் 'என் முன்னோரும் என் கனவும்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்களாம். நிறுவனரின் கொள்ளுப்பேரன் எழுந்து, இந்தப் பள்ளியைக் கட்டியது என் கொள்ளுத்தாத்தா என்று படித்தானாம். எல்லாரும் கை தட்டினார்களாம். அடுத்து இவள் எழுந்து, என் கொள்ளுப்பாட்டியும்தான் கட்டினாங்க என்றதும் வகுப்பே சிரித்துவிட்டதாம். ஆதாரம் இருக்கா என்று டீச்சரும் கேட்டுவிட்டாராம்.

"ஆதாரத்தைக் காட்டத்தான் மேடம் எடுத்தேன்."

தலைமை ஆசிரியை பிடுங்கி வைத்திருந்த ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் நூலகத்தின் பின்பக்கம் போனார்கள்.

பழைய பூச்சில் ஒரு கை பதிந்திருந்தது. சின்னக் கை. ஐந்து விரலும் அப்படியே தெரிந்தன, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணல்.

"அப்பாவோட பாட்டி மேடம். அப்ப அவங்களுக்கு ஒன்பது வயசு. இங்க மணல் சுமந்தாங்க. பூச்சு ஈரமா இருக்கும்போது கையை வச்சிட்டு மேஸ்திரிகிட்ட அடி வாங்கினாங்களாம். கட்டி முடிச்சதும் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுலேர்ந்து புத்தகப் பையோட உள்ள வந்த முதல் ஆள் நான்தான்."

அழுதுகொண்டு சொல்லவில்லை. முதல் ரேங்க் வாங்கியதைச் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"கனவுன்னு என்ன எழுதினே?"

"இன்ஜினியர் மேடம். நான் கட்டுற கட்டடத்துல, வாசல் கல்வெட்டுல, மணல் சுமந்தவங்க பேர் வரைக்கும் இருக்கும்."

லேசில் இளகுகிற ஆளா தலைமை ஆசிரியை? அவர் கண் சுவரிலேயே இருந்தது. எண்பது வருஷத்துச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் ஒரு ஸ்கேலுக்கு எப்படி இவ்வளவு சுத்தமாகப் பெயர்ந்து வந்தது என்று கேட்டார்.

"சுரண்டல மேடம், உரிச்சேன்."

கீழே கிடந்த கெட்டித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கம் சுவரின் சந்தன நிறம். திருப்பினால், போன வருஷத்துக் காலண்டரின் டிசம்பர் மாதம்.

இப்போதுதான் பெயின்டர் வாயைத் திறந்தார். "மன்னிச்சிருங்க மேடம். எங்கப்பாவும் இங்க பெயின்டர்தான். சுவத்துல இருக்கிற பள்ளத்தையெல்லாம் பட்டி வச்சு அடைக்கச் சொன்னாங்க. அவருக்கு மனசு வரல. பெத்த தாயோட கையில்லையா? மேல காலண்டர் தாளை ஒட்டி, ஓரத்துல மட்டும் பட்டி இழுத்துப் பெயின்ட் அடிச்சாரு. அவருக்கு அப்புறம் நான். ஒவ்வொரு தடவையும் பழசை உரிச்சிட்டுப் புதுசு ஒட்டுவேன். தொழில்ல நான் பண்ற ஒரே திருட்டுத்தனம் இதுதான்."

தலைமை ஆசிரியைக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சுவரைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

உதவியாளர் ஒருவழியாகத் தேடி எடுத்த டி.சி. புத்தகத்தோடு மூச்சுவாங்க வந்து நின்றார். அதை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டு, தலைமை ஆசிரியை பெயின்டர் பக்கம் திரும்பினார்.

"விருந்தாளி வர்றப்ப சுவர் இப்படி இருக்கக் கூடாது. மறுபடி தாளை ஒட்டிப் பெயின்ட் அடிச்சிருங்க. ராத்திரிக்குள்ள காயணும்."

"சரிங்க மேடம்" என்றார் அவர், பழகிய குரலில்.

அதுவரை நிமிர்ந்தே நின்ற பெண் அப்போதுதான் தலையைக் குனிந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தலைமை ஆசிரியை ஸ்கேலை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நிறுவனரோட பேரன் வாசல்ல கல்வெட்டைத் திறக்கிறாரு. திறந்ததும் அவரையும் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் இங்க கூட்டிட்டு வருவேன். இதை நீதான் திறக்கணும்."