இரண்டு குழாய் ரத்தம்

"சார், உங்க ரத்தத்தைப் பிழிஞ்சா ஒரு ஓட்டல் அடுப்படிக்கு ஒரு வாரத்துக்கு எண்ணெயே வாங்க வேண்டாம்!"

டாக்டர் ரிப்போர்ட்டை மேஜையில் போட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாற்காலியில் நாலு அங்குலம் சுருங்கிப் போனார். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர். பரீட்சை ஹாலில் பையன் காதைச் சொறிந்தாலே, அதற்குள் பிட்டு இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பவர். இந்த டாக்டரே பத்தாம் வகுப்பில் சாக்ஸுக்குள் சூத்திரத்தை ஒளித்து அவரிடம் மாட்டி, இரண்டு பீரியட் பெஞ்சு மேல் நின்ற ஆசாமிதான்.

"அம்மா, உங்க ரிப்போர்ட் பிரமாதம். ஃப்ரேம் போட்டு மாட்டலாம்" என்று பக்கத்திலிருந்த வாத்தியார் மனைவியைப் பார்த்துச் சொன்னார் டாக்டர்.

வாத்தியாரம்மா சிரிக்கவில்லை.

"ஆனா சாருக்குக் கெட்ட கொழுப்பு இருநூத்திப் பத்து! இந்த வயசுல, இப்படி ரத்தம் இருக்கிற நூறு பேரை வரிசையா நிக்க வெச்சா, பத்து வருஷத்துக்குள்ள இருபத்தஞ்சு பேருக்கு மாரடைப்பு வரும். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். விளையாட்டு இல்ல."

வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. தன் உயிரை நினைத்து அல்ல. அது அவர் ரத்தமே அல்ல!

ஆறு மாதமாக அவர் வீட்டில் எண்ணெய் என்றால் கதவுக் கீலுக்கு மட்டும்தான். மூன்று வேளையும் வேகவைத்த காய். முயலே பார்த்தாலும் முகம் சுளிக்கும். வாத்தியாரோ தினமும் வாக்கிங் என்று கிளம்பி, நேரே பேக்கரிக்குள் நுழைந்து, நாலு க்ரீம் பன்னை உள்ளே தள்ளிவிட்டு, வியர்வைக்குப் பதில் பேக்கரிக் குழாய்த் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு மூச்சு வாங்க வீடு திரும்புவார்.

ரத்தப் பரிசோதனை என்றதும் குலை நடுங்கிவிட்டது. குட்டு வெளிப்பட்டால் வாக்கிங்குக்கும் மனைவி கூடவே வந்துவிடுவாளே! அவளோ அவர் கண் பார்க்க இலை தழை தவிர எதையும் வாயில் வைத்ததில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்த லேப் பெண், இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து, குழாய்களில் பெயர் ஒட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, போன் பேச பால்கனிக்குப் போனாள். மனைவி அடுப்படியில். கண் மூடித் திறப்பதற்குள் வாத்தியார் ஸ்டிக்கர்களை உரித்து இடம் மாற்றி ஒட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி சட்டை மாட்ட உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது மனைவி அந்த மேஜையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அந்த இருநூற்றுப் பத்து அவளுடையது! மாத்திரை தன் வாய்க்குள் போகும்; அவள் ஃப்ரேம் போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்துப் பூரித்துக்கொண்டே ஒரு நாள்...

"டாக்டர்..." வாத்தியாரம்மாவின் குரல் நடுங்கியது. "மாத்திரை சாப்பிட்டா தப்பிச்சுக்கலாம்ல?"

"ஒழுங்கா சாப்பிட்டா ஆபத்து நல்லாவே குறையும்மா."

"அந்த மாத்திரையை, வீட்டுல கூட இருக்கிறவங்களும் ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கலாமா?"

"அது என்ன மிட்டாயா, பங்கு போட்டுக்க?"

வாத்தியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் இதற்குள், "தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்று கூரையைப் பிய்த்திருப்பாள். இன்று முகம் வெளிறி, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்காக எப்படி உருகுகிறாள்! இவளுக்கா துரோகம் செய்தேன்?

மானம் போனால் போகட்டும். சடாரென்று எழுந்தார்.

"தம்பி, மாத்திரையை அவளுக்கு எழுது. அது அவ ரத்தம். அன்னிக்கு ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினது நான்தான்!"

டாக்டரின் கண்ணில் நாற்பது வருடப் பழைய பெஞ்சு ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

வாத்தியாரம்மா வாயைப் பிளந்தபடி கணவரைப் பார்த்தாள்.

"அட ராமா! நீங்க எதுக்குங்க மாத்தினீங்க?"

"பேக்கரிம்மா... தினம் நாலு பன்னு... உன் ரத்தம் சுத்தமா இருக்குமேன்னு..."

"நான் உங்க ரத்தம்தான் சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்! உங்க கண்ணுல படாம ஒளிச்சு வெச்ச கேக்கும் வெண்ணெயும் ஆறு மாசமா யார் வயித்துக்குள்ள போச்சுன்னு நெனச்சீங்க?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சட்டை மாட்டப் போனப்ப, நானும் மாத்தி ஒட்டிட்டேங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். மாத்திரைச் சீட்டை மெல்ல வாத்தியார் பக்கமே நகர்த்தினார்.

"சார், மைனஸை மைனஸால பெருக்கினா என்ன வரும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பெஞ்சு மேல் ஏறாத குறையாக நின்றுகொண்டிருந்த வாத்தியார், "ப்ளஸ்" என்றார் ஈனஸ்வரத்தில்.