துணிப்பையில் இருந்த தாள்கள்

“நிப்பாட்டுடா சைக்கிள!”

மருதமுனைச் சந்தியில் சாரன் துணிக்கடை வைத்திருக்கும் அபூசாலி ஹாஜியாரின் சத்தம்தான். சும்மா சொல்லக்கூடாது, அவருடைய தொண்டைக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களெல்லாம் எழும்பி வந்துவிட்டார்கள்.

பழைய பேப்பர் சேர்க்கும் குணம் இறங்கி நின்றான். பக்கத்துத் தமிழ் ஊரான சொறிக்கல்முனை ஆள். பத்து வருசமாக இந்த ஊர் வீடுகளில் கொப்பி, பேப்பர், மட்டை என்று வாங்கி ஆலைக்குக் கொடுக்கிறவன்.

“இந்த மூட்டையெல்லாத்தையும் ஆலையில என்ன செய்யிறாங்க?”

“ஊறப்போட்டு, கூழாக்கி, திரும்ப மட்டை அடிக்கிறாங்க ஹாஜியார். உங்கட சாரன் வாற பெட்டியும் அப்பிடி வந்ததுதான்.”

“அப்ப இது?”

சைக்கிள் கைப்பிடியில் தனியாகத் தொங்கிய துணிப்பையை ஹாஜியார் விரித்தார். உள்ளே அறபெழுத்துத் தாள்கள்.

“அஸ்தஃபிருல்லாஹ்! பாருங்க, குர்ஆன் தாள்! அல்லாஹ்ட கலாமையும் கூழாக்கவாடா கொண்டு போறாய்?”

கூட்டம் கொதித்தது. குணம் சொல்ல வந்தது அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இந்த ஊர் கதவைச் சாத்தினால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

“இனி இந்தப் பக்கம் கால் வெச்சாயெண்டா...” ஹாஜியார் கையை ஓங்கிவிட்டார்.

அதற்குள் பள்ளிவாசல் மோதினார் முகம்மது தம்பி ஓடி வந்தார்.

“கைய எடுங்க ஹாஜியார்! அது பள்ளிக்கு வாற பை. மூட்டைக்குள்ள அறபெழுத்தக் கண்டா ஆலைக்குக் குடுக்க மாட்டான், எடுத்து வெச்சு என்னட்டத் தருவான். நான் கண்ணியமா மண்ணுல அடக்கிருவன். எத்தின வருசமா நடக்குது!”

சனத்தின் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

“அப்ப இதக் குப்பையோட போட்டவன் ஆரு? அவனயல்லவா சந்தியில நிறுத்தோணும்!”

“ஓம், நிறுத்தத்தான் வேணும்!” ஹாஜியார் விடவில்லை. “பேரச் சொல்லு குணம், ஆரு அந்த ஈமான் இல்லாதவன்?”

கேட்டுக்கொண்டே பையிலிருந்த கிழிந்த ஓதல் புத்தகத்தை எடுத்தார். அட்டையில் ‘அபூசாலி பாத்திமா அப்ரா’ என்று இளைய மகளின் பெயர். எழுதியிருந்ததும் அவருடைய கைதான்.

ஹாஜியாருக்குக் குப்பென்று வேர்த்தது.

குணம் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினான். அட்டை வெளியே தெரியாமல் திருப்பிப் பைக்குள் வைத்தான்.

“எத்தின வீட்டுக்குப் போறன் ஹாஜியார், எந்த வீட்டு மூட்டையெண்டு மறந்து போச்சு.”