அக்காவின் வால்முடி

அணிலுக்குப் பொல்லாத இருமல். காட்டில் எல்லோரையும் குணமாக்கிய கஷாயம் அதற்கு மட்டும் கேட்கவில்லை. கடைசியில் கீரி வைத்தியர் அதன் வாலில் ஒரே ஒரு முடியைப் பிடுங்கி, முகர்ந்து பார்த்து, அந்த உடம்புக்கென்றே ஒரு வேரை அரைத்துக் கொடுத்தார். சாயங்காலமே இருமல் போன இடம் தெரியவில்லை!

அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. கிளை கிளையாக ஓடி, "ஒரே முடிதான்! எங்க வம்சத்துக்கே வயசானா கண்ணு மங்குமாம், அதைக்கூடச் சொல்லிட்டார்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டது.

மறுநாள் தங்கை அணில் அழுதுகொண்டே வந்தது. பருந்து வந்தால் குரல் கொடுக்கும் காவல் வேலையிலிருந்து காவல் தலைவர் காகம் அதை நிறுத்திவிட்டதாம்.

அக்கா தங்கையை இழுத்துக்கொண்டு காகத்திடம் ஓடியது. "அண்ணே, முடி கொடுத்தது நான். இவ என்ன பண்ணினா?"

"ரெண்டு பேரும் ஒரே வம்சம்தானே? கண்ணு மங்கப்போறவளை நம்பி எப்படி..."

"அண்ணே, பின்னால பருந்து!" என்று கத்தியது தங்கை.

காகம் முள்புதருக்குள் பாய்ந்தது. பருந்து ஏமாந்து திரும்பியது.

புதருக்குள்ளிருந்து குரல் வந்தது: "இப்போ கண்ணு நல்லாத்தான் இருக்கு. வயசான பிறகு?"

"அண்ணே, உங்களுக்கு வயசாகணுமா, வேண்டாமா? அதை மொதல்ல சொல்லுங்க" என்றது தங்கை.