பிரிக்காத உறை

குளியலறைச் சுவரில் மாட்டப்பட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் என்ன சாதாரண விசிறியா? ஈரக்காற்றை வெளியே தள்ளுவேன். போகிற காற்றின் சூட்டை மட்டும் பிடித்து, உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுத்துவிடுவேன்.

மூலையில் இருந்த பூஞ்சை நடுங்கிப்போனது. "அண்ணே, இன்னைக்கே காலி பண்ணிடறேன்" என்றது.

வீட்டுக்காரர் வேலாயுதம் எனக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அவர் மனைவி என் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் போனாள்.

"விடு அமுதா, புதுசு. அழுக்காயிடும்" என்று தடுத்தார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. போர்த்திய பொன்னாடையை யாராவது கழற்றுவார்களா?

உறைக்குள்ளேயே கம்பீரமாகச் சுற்றினேன். விருந்தாளிகள் வந்தால் வேலாயுதம் என்னைக் காட்டி, "சூட்டை வெளியே விடவே விடாது" என்பார். உண்மைதான். நான் எதையுமே வெளியே விடவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை பெண்டு பிள்ளைகளோடு சுவர் முழுக்கப் படர்ந்து, என் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே, உறைக்குள்ளே கதகதப்பா இருக்கும்போல. நாங்களும் வரலாமா?"

பழைய பணிவு மாறாமல் கேட்கிறது. எப்படி மறுப்பது?

"வா தம்பி" என்றேன். "உறையை மட்டும் அழுக்காக்கிடாதே."