பதினோரு படகுகள்

"ஐயா, நீங்க இந்தப் பாறையோட நின்னுக்குங்க. இதுக்கு மேல கைய ஊணித்தான் ஏறோணும். உங்க முட்டி தாங்காதுங்க."

அருள்குமார் சொன்னதும் தம்பிதுரை மறுக்கவில்லை. வலது முட்டியைப் பிடித்தபடி நிழலில் உட்கார்ந்துவிட்டார். வயது அறுபத்திரண்டு. பாதி மலை வந்ததே பெரிது.

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் அருள்குமார் மாதம் ஒரு மலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவன். கோயம்புத்தூரைச் சுற்றி மலைக்குக் குறைவில்லை. அவனுக்கு வேண்டியதோ வேறு. ஏற்றம் கரடுமுரடாக இருக்க வேண்டும். உச்சியில் நின்றால் கடல் தெரிய வேண்டும். மூன்று மாதம் தேடினான். ஒரு மலைக்கு உச்சி வரை தார் ரோடு போட்டிருந்தார்கள். இன்னொன்றில் மரங்கள் கடலை மறைத்தன. கடைசியில் கன்னியாகுமரிப் பக்கம் இந்த மருந்துவாழ் மலை கிடைத்தது.

வந்திருந்த பதினான்கு பேரில் துடியலூர் ராசாத்தாளும் ஒருவர். ஐம்பத்தெட்டு வயது. வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "நாலு மாட்டக் கட்டிக்கிட்டு ஒரு ராத்திரி வெளிய தங்க முடியலீங்க தம்பி. கடல டிவியிலதான் பாத்திருக்கறேன். மாட்ட வித்ததும் மொத வேலையா உங்களுக்குப் போனப் போட்டுட்டேன்."

அந்த ராசாத்தாள்தான் இப்போது தயங்கி நின்றார்.

"இவரு தனியா இருப்பாருங்களா தம்பி?"

"இந்த வழியா ஆளுங்க போய்ட்டு வந்துட்டுத்தானுங்க இருக்கறாங்க. பயமில்லீங்கம்மா."

தம்பிதுரை கையை வீசினார். "நீங்க போங்க அம்மணி. என்ற முட்டி வலிக்கு நீங்க எதுக்கு நிக்கோணும்? நான் ஆரோ, நீங்க ஆரோ."

ராசாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஏறத் தொடங்கினார்.

அந்த ஏற்றத்தை அருள்குமார் மறக்க மாட்டான். பாறையில் கை வைக்கும் முன் தட்டிப் பார்த்தார். கால் வைத்த பிறகுதான் அடுத்த கையை நகர்த்தினார். ஆயிரக்கணக்கில் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மூச்சு வாங்க நிற்க, ரப்பர் செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு மேலே போய்க்கொண்டே இருந்தார்.

"அண்ணா, நம்மள இவங்க கூட்டிட்டுப் போற மாதிரியில்ல இருக்குது!" என்றாள் கல்லூரி மாணவி வர்ஷினி.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே தென்னந்தோப்பு, குளங்கள், சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைக் காத்தாடிகள். அதற்கப்பால், வானத்தோடு ஒட்டிக்கொண்டு, கடல்.

எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தார்கள். ராசாத்தாள் ஒரு பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். பிறகு வலமிருந்து இடமாக. விரல் மடக்கி எதையோ எண்ணினார். அரை மணி நேரம் அசையவில்லை.

"அம்மா, ஒரு போட்டோ எடுக்கட்டுமா?" என்றாள் வர்ஷினி.

"எடு கண்ணு. ஆனா கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."

இறங்கி வந்தபோது தம்பிதுரை அதே பாறையடியில் இருந்தார்.

"பாத்தீங்களா அம்மணி?"

"பாத்தேனுங்க."

"எப்படிங்க இருந்துது?"

ராசாத்தாள் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "சோளக்காட்டுல காத்தடிச்சா ஒரு அசைவு வருமுங்களே, அதாட்டம். ஆனா நீலமுங்க. கரையோரமா ஒரு கோடு வெள்ளைங்க. வந்து வந்து அழிஞ்சு போவுது. நம்ம பல்லடத்துக் காத்தாடியெல்லாம் இங்கயும் நிக்குதுங்க. அதுக்கு அந்தப் பக்கம் வரப்பே இல்லீங்க."

"படகு?"

"பதினொண்ணுங்க. பன்னண்டாவது ஒண்ணு இருந்துது, பாத்துட்டு இருக்கறப்பவே காணாமப் போயிருச்சு."

"முழுகிப் போச்சுங்களா?"

"சே! தூரமாப் போயிருச்சுங்க."

தம்பிதுரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். பதினைந்து மலைக்கு ஆள் அழைத்துப் போனவன் அருள்குமார். ஒரு கடலை இப்படிக் கொண்டு வந்து இன்னொருவர் கையில் கொடுத்தவரை அவன் பார்த்ததில்லை.

தம்பிதுரை எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டே மெல்ல முன்னால் இறங்கிப் போனார். வர்ஷினி அருள்குமாரின் காதில் கிசுகிசுத்தாள். "அண்ணா, வேன்ல முன்சீட்டும் பின்சீட்டுமா வந்தவங்க. ஒரே நாள்ல பாருங்களேன்! அடுத்த தடவை பக்கத்துப் பக்கத்துல போட்டுவிடுங்க."

அருள்குமாருக்கும் குறும்பு வந்துவிட்டது. "ஏனுங்கம்மா, அடுத்த மாசமும் கடல் தெரியற மலைதானுங்க. ஏத்தம் இதுல பாதிதான். நீங்களும் ஐயாவும் ஜோடியாப் பேரு குடுத்துருங்களேன்?"

"ஜோடியாவா? வேண்டவே வேண்டாமுங்க தம்பி!" என்று பதறினார் ராசாத்தாள். "ஜோடியா வந்தா, ஒருத்தரு முடியாம நின்னாலும் ரெண்டு பேரும் எறங்கிரோணும்னு பேரு குடுக்கற உங்க ஃபாரத்துல போட்டிருக்குதுங்களே! அதுக்குப் பயந்துதானுங்க நான் துடியலூர்ல ஏறிக்கிட்டு, என்னையக் கட்டி முப்பத்திநாலு வருசமான, அதா முன்னால போற அந்த மனுசன டவுன் பஸ்ஸுல கவுண்டம்பாளையம் அனுப்பி அங்க ஏறச் சொன்னேன்."

வர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். ராசாத்தாள் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருகிட்டக் காட்டிக்காதீங்க கண்ணு. கல்யாணமான நாள்லயிருந்து இன்னிக்குத்தான் என்னைய 'வாங்க போங்க'ன்னு கூப்புட்டிருக்கறாரு. வேன் ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்."