ரெண்டு சகலையும் ஒரு டெஸ்டும்

சகலைகள் இருவரும் சேர்ந்தே போய்ப் புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். அளவு நாலைத் தாண்டினால் கவலை. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு இரண்டரை. பஸ் டிரைவருக்கு ஒன்பது.

"உடம்பை நல்லா வெச்சுக்கணும் சகலை," டாக்டர் அறையிலேயே சீப்பை எடுத்து, அடர்ந்த முடியை வாரிக்கொண்டார் ஏஜென்ட். "என் முடியைப் பாருங்க. எல்லாம் பரம்பரை வாகு."

வழுக்கைத்தலை டிரைவர் தன் ரிப்போர்ட்டில் இருந்த ஒன்பதை மறுபடியும் படித்துப் பார்த்தார்.

டாக்டர் சிறுநீர் ரிப்போர்ட்டையும் புரட்டிவிட்டு டிரைவரைப் பார்த்தார். "உங்களுக்குச் சிறுநீர்ல கிருமி இருக்கு. அதனால சுரப்பி வீங்கினாலே இந்த அளவு ஏறிடும். மருந்து சாப்பிடுங்க. வீக்கம் வடிஞ்சதும் மறுபடி பாக்கலாம், அனேகமா இறங்கிடும்."

"மாத்திரைக்கெல்லாம் இறங்குமா?" ஏஜென்ட் சிரித்தார்.

"கிருமி போனா நிஜமாவே இறங்கும். சில மாத்திரை ஏமாத்தியும் இறக்கும். முடி கொட்டாம இருக்கச் சாப்பிடறாங்களே, அது உள்ள அளவைப் பாதியாக் காட்டும்."

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"டாக்டர்... சகலை கொஞ்சம் வெளிய இருக்கட்டுமே?"

டிரைவர் எழுந்தார். கதவருகே நின்று, தன் வழுக்கையை ஆசையாகத் தடவிக்கொண்டார்.

"இவங்க பரம்பரையில ரெண்டரைன்னா அஞ்சு, டாக்டர்!"